வேடத்துக்கு யார்? இசை நாடகத்துக்கும் பாட்டுப் படத்துக்கும் நடிகர் எடுக்கும் முறை

"கொஞ்சம் டார்க் பண்ணிடலாமா சார்?" என்று மேக்கப் கலைஞர் கேட்கும் நேரத்தில் எதையும் மாற்ற முடியாது. போஸ்டர் அடித்தாயிற்று, அரங்குக்கு முன்பணம் கட்டியாயிற்று, பாட்டு டிராக் ஒரே சுருதியில் தயாராகிவிட்டது. மீனவப் பெண்ணாக நடிப்பவர் நல்ல சிவப்பு என்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் உறுத்துகிறது. உடனே பழுப்பு பவுண்டேஷன் வெளியே வருகிறது.

இந்தக் கேள்வி மேக்கப் அறை வரை வரவே கூடாது. எந்தப் பாத்திரத்தை யார் ஏற்கலாம், எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை நடிகர் தேர்வு அறிவிப்பு வெளியாகும் முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். சென்னையில் இயங்கும் கல்லூரிக் குழு, சபா நாடகக் குழு, சொந்தக் காசில் பாட்டுப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் இந்த வேலையைப் பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடலாம்.

பாத்திரப் பட்டியல்

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரி போடுங்கள். வயது, பேச்சு வழக்கு, பாட்டின் கீழ் எல்லை, மேல் எல்லை, ஆட்டம் எவ்வளவு. கடைசியாக ஒரு கட்டம்: இந்தப் பாத்திரத்தின் இனமோ சாதியோ ஊரோ பாலினமோ கதையில் என்ன வேலை செய்கிறது? அது இல்லாவிட்டால் கதையே இல்லை என்றால் 1. வசனத்தில் வந்து போகிறது, கதை அதன்மேல் திரும்பவில்லை என்றால் 2. பிரதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் 3.

இந்த எண்ணை இயக்குநர் ஒருவரே போடக் கூடாது. எழுதியவர், இசையமைப்பாளர், அந்தச் சமூகத்திலிருந்து வரும் ஆலோசகர் மூவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். எண் மாறுகிற இடத்தில்தான் பேச வேண்டியது இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் இரண்டே காட்சியில் வருகிறார், குழுப்பாட்டில் நாலு வரி பாடுகிறார் என்று வையுங்கள். இயக்குநர் 3 போட்டிருப்பார். அந்த நாலு வரி மலக்குழிச் சாவைப் பற்றியது என்றால் ஆலோசகர் 1 போடுவார். ஆலோசகர் சொல்வதுதான் சரி. பாட்டு யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் அந்த வரியின் பொருளே இருக்கிறது.

1 போட்ட பாத்திரத்தை அந்த வாழ்க்கையிலிருந்து வருகிறவருக்கே கொடுங்கள். 2 போட்டதில் பேச்சும் குரலும் சரியாக அமைந்தால் யாரும் நடிக்கலாம். 3 போட்டதுதான் பட்டியலில் மிக அதிகமாக இருக்கும். தவறும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. பிரதியில் நிறம் சொல்லப்படாத டாக்டர், ஆசிரியை, காதலி, கதாநாயகன் எல்லாரும் யாரும் முடிவெடுக்காமலேயே சிவந்த நிறத்தவர்களாகி விடுகிறார்கள். குழு நடனத்தில் கல்யாணக் காட்சிக்கு வெளுத்தவர்கள் முன் வரிசை, குடிசைக் காட்சிக்குக் கறுத்தவர்கள் முன் வரிசை. தேர்வு முடிந்ததும் எல்லாருடைய புகைப்படத்தையும் பாத்திரப் பெயரோடு ஒரு சுவரில் ஒட்டிப் பாருங்கள். நல்லவர், பணக்காரர், காதலிக்கப்படுபவர் ஒரு நிறத்திலும் வில்லன், அடியாள், வேலைக்காரர் இன்னொரு நிறத்திலும் வந்திருந்தால், தேர்வைத் திரும்ப நடத்துங்கள். 1 போட்ட இரண்டு பாத்திரத்தை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, 3 போட்ட இருபதில் இதைச் செய்யும் குழுவை நேர்மையான குழு என்று எங்களால் சொல்ல முடியாது.

"நம் மரபிலேயே ஆண்கள் பெண் வேடம் கட்டவில்லையா?"

இந்தக் கேள்வி எல்லா ஒத்திகையிலும் வரும். வரட்டும், நியாயமான கேள்விதான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டது பையன்கள். கே.பி. சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட் ஏற்றவர். 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்ததும் அவரே. அதற்கு வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு ஊரெல்லாம் பேசப்பட்டது. கூத்தில் முகத்துக்குப் பூசும் அரிதாரப் பச்சையையும் சிவப்பையும் யாரும் ஒரு இனத்தின் தோல் நிறம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே வேடம் மாறுவது தவறு என்று யாரும் சொல்லவில்லை. மேடைக்கு வர வழியிருந்தவர் யார், வழியில்லாமல் நின்றவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். நந்தனார் கதை கோயிலுக்குள் விடப்படாத ஒருவரின் கதை. அதைப் பாடி நடித்துப் பேர் வாங்கியவர்களின் வரிசையில் நந்தனாரின் சமூகத்தவர் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேட்டால், மரபைக் காட்டி வாதாடுவது கஷ்டம்.

இதையே தலைகீழாகச் செய்து காட்டியது 2015ல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஹாமில்டன்' இசை நாடகம். அமெரிக்காவை நிறுவிய வெள்ளைக்காரத் தலைவர்களாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் நடித்தார்கள். வாஷிங்டன் வேடத்துக்கு எந்தக் காலத்திலும் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. அதை இன்னொருவர் ஏற்றால் யாருடைய வாய்ப்பும் போய்விடாது. "அங்கே அப்படிச் செய்தார்களே, இங்கே இவர் ஏன் இருளர் பெண்ணாக நடிக்கக் கூடாது?" என்று கேட்பவருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு இசை நாடகம் என்றால் முதலில் உரிமம்

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடிய நாடகத்தை மேடையேற்ற விரும்பும் பள்ளி, கல்லூரிக் குழுக்கள் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கன்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற உரிம நிறுவனங்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். மொழிபெயர்க்க, கதையைச் சென்னைக்கு மாற்ற, பாட்டின் சுருதியை மாற்ற அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சில நாடகங்களுக்கு நடிகர்களின் இனம் பற்றியும் நிபந்தனை இருக்கும். 1962ன் பால்டிமோரில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவதைப் பற்றிய 'ஹேர்ஸ்ப்ரே' நாடகத்தை முன்பு எந்த இனத்தவரும் நடிக்க விட்டார்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தில் போட ஒரு விளக்கக் கடிதமும் கொடுத்தார்கள். 2020ல் அதை மாற்றி, பாத்திரம் எழுதப்பட்டபடியே நடிகர்கள் இருக்க வேண்டும் என்றார்கள். முன்பு வேறொரு குழு செய்ததைப் பார்த்து நீங்களும் கிளம்பினால் முன்பணம் போய்விடும்.

அப்படிப்பட்ட நாடகத்துக்குச் சென்னையில் ஆள் இல்லையா? புறநகர்ப் பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. டிக்கெட் விற்கும் மேடை என்றால் சட்டம் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நைஜீரியாவிலிருந்து வந்த மாணவருக்கு பால்டிமோர்க் கறுப்பினப் பையனின் பேச்சும் பாட்டும் பிறவியிலேயே வந்திருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். அவருக்கும் பயிற்சி வேண்டும். யாரும் கிடைக்கவில்லை என்றால் வேறு நாடகம் எடுங்கள். சுருட்டை விக்கும் கறுப்புப் பூச்சும் எந்த நிலையிலும் வேண்டாம்.

இனத்தின் இடத்தில் சாதியை வைத்துத் தமிழாக்குபவர்கள் ஒரு குழியில் விழுகிறார்கள். அமெரிக்கக் கதையில் அடையாளம் தோலிலேயே தெரிகிறது. சாதிக்கு நிறம் கிடையாது. ஒரே தெருவில் ஒரே நிறத்தில் இருப்பவர்களைத்தான் அது பிரிக்கிறது. தலித் பாத்திரத்துக்குக் கறுப்புப் பூசுவது பொய், அவமானமும்கூட. தழுவல் எழுதும்போது அடையாளத்தைத் தோலிலிருந்து எடுத்து எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கும் குறியுங்கள். பெயரைக் கேட்டதும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று வரும் அடுத்த கேள்வியில் வைக்கலாம். டீ டம்ளரில் வைக்கலாம். வாடகை வீடு கேட்டுப் போகும்போது "நீங்க வெஜ்ஜா?" என்பதில் வைக்கலாம். அப்படி வைத்துவிட்டால் மேக்கப்புக்கு அங்கே வேலையே இருக்காது.

அறிவிப்பும் அது போய்ச் சேரும் இடமும்

"மாநிறம், கிராமத்து முகம், லோக்கல் லுக்" என்று எழுதாதீர்கள். தேவை என்னவோ அதை எழுதுங்கள். இப்படி:

"இசை நாடகம், இரண்டு மணி நேரம், மேடையிலேயே நேரடிப் பாட்டு. பாத்திரம் செல்வி, 19 வயது, காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பெண். வடசென்னைப் பேச்சு வீட்டுப் பேச்சாக இருப்பவர் தேவை. தெரிந்த பாட்டு ஒன்றை முழுதாகப் பாடிக் காட்டினால் போதும், இசைப் பயிற்சி கட்டாயமில்லை. நிறம், உயரம் பார்ப்பதில்லை. ஒத்திகை மாலை 6.30 முதல் 9 வரை. தேர்வுக்கு வர பயணச் செலவு தரப்படும். ஒத்திகைக்கும் சம்பளம் உண்டு."

இதை நாடகக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் எப்போதும் வருகிற அதே நாற்பது பேர்தான் வருவார்கள். காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கானா பாடுபவர்கள், பறையாட்டக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கல்லூரி நாட்டுப்புறக் கலைக் குழுக்கள் என்று பாடத் தெரிந்த இளைஞர்கள் எல்லாப் பகுதியிலும் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக் குழு முதல் நிகழ்ச்சி நடத்தியபோது கானாவும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. "வடசென்னையில ட்ரெயின்ட் சிங்கர்ஸ் கிடைக்க மாட்டாங்க" என்ற பேச்சு அதற்குப் பிறகும் தொடர்ந்தால், தேடவில்லை என்றுதான் பொருள்.

தேடாததால் வந்த வினைக்கு ஊரறிந்த உதாரணம் வியட்நாமைக் களமாகக் கொண்ட 'மிஸ் சைகான்' இசை நாடகம். கதாநாயகிக்காக மணிலா வரை போய் லியா சலோங்காவைத் தேடிப் பிடித்தார்கள். பிரெஞ்சு, வியட்நாமியக் கலப்பில் பிறந்த 'எஞ்சினியர்' பாத்திரத்துக்கு அந்த அளவு தேடல் இல்லை. 1989ல் லண்டனில் ஜோனதன் பிரைஸ் கண்ணிமையில் செயற்கை ஒட்டுப் போட்டு, தோலில் நிறம் பூசி நடித்தார். 1990ல் நாடகம் நியூயார்க் போகும்போது நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி அவரை அனுமதிக்க மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்தார். சில நாட்களில் சங்கம் இறங்கி வந்தது, 1991ல் அவரே நடித்தார். நல்ல நடிகர்தான், விருதும் வாங்கினார். நாயகிக்குக் காட்டிய அதே முயற்சியை அந்த ஒரு பாத்திரத்துக்கும் காட்டியிருந்தால் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

தேர்வை வார நாளில் காலை பத்து மணிக்கு ஆழ்வார்பேட்டையில் வைத்தால் தினக்கூலிக்குப் போகிறவர் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வையுங்கள். இலங்கைத் தமிழர் பாத்திரத்துக்குப் புழல், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம்களில் கேட்கிறீர்கள் என்றால், முகாமில் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். தேதியைக் கேட்டுக்கொண்டு ஒத்திகை அட்டவணை போடுங்கள்.

கேட்கக் கூடாத கேள்வி

சாதி என்ன என்று கேட்கக் கூடாது, சான்றிதழும் கேட்கக் கூடாது. "இந்தப் பாத்திரம் இப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வருகிறது. உங்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்ல விரும்பினால் சொல்லலாம், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாம்" என்று படிவத்தில் ஒரு வரி போதும். சொன்னதை நம்புங்கள். அந்தத் தகவலைத் தேர்வுக் குழுவுக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். விளம்பரத்தில் "நிஜ மீனவப் பெண்", "நிஜ திருநங்கை" என்று போடவே போடாதீர்கள். அவர் நடிகராக வந்திருக்கிறார், நாடகத்துக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

சான்று கேட்கப் போனால் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு 1935ல் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்ற அமெரிக்க ஓபரா ஒரு பாடம். கறுப்பினத்தவர்தான் பாட வேண்டும் என்பது உரிமை வைத்திருப்பவர்களின் நிபந்தனை. ஹங்கேரி நாட்டு ஓபரா வெள்ளைப் பாடகர்களை வைத்து நடத்தியது. ஆப்பிரிக்க அமெரிக்க அடையாளம் தங்களுக்கும் உண்டு என்று பாடகர்களிடம் கையெழுத்து வாங்கிய செய்தி 2019ல் வெளியாயிற்று. உள்ளே வைக்க வேண்டிய நேர்மையைக் காகிதத்தில் வாங்கப் பார்த்த கதை அது.

திருநங்கை, திருநம்பிப் பாத்திரங்களுக்கும் இதே விதி. 2014ல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டது. தேர்வு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கைதட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். அழைக்க வேண்டிய பெயரைக் கேட்டு, போஸ்டர் வரை அதே பெயரைப் போடுங்கள். உடை மாற்றும் அறை, கழிப்பறை ஏற்பாட்டை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குரலைக் கேட்கும் முறை

இசை நாடகத் தேர்வில் நல்ல ஆளை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் கர்நாடக இசையோ மேற்கத்திய இசையோ படித்தவர்கள். கானா பாடகரோ, ஒப்பாரி பாடும் அம்மாவோ, கூத்துக் கலைஞரோ பாடினால் "சுருதி நிக்கல" என்று எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அது சுருதிக் குறையே இல்லை. தொண்டையைத் திறந்து தெருவுக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரலின் கனம் அது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. முதலில் இரண்டு நிமிடம் பேச விடுங்கள். பிறகு அவருக்குப் பிடித்த பாட்டை, எந்தத் துணையும் இல்லாமல், அவர் எடுக்கும் சுருதியிலேயே பாடச் சொல்லுங்கள். போனில் இருக்கும் தம்புரா செயலியால் அந்தச் சுருதியைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாடகப் பாட்டின் நாலு வரியைச் சொல்லிக் கொடுத்து, முதலில் உங்கள் டிராக்கின் சுருதியிலும் பிறகு அவருடைய சுருதியிலும் பாட வையுங்கள். சொந்தப் பாட்டிலும் விலகினால் அது சுருதிக் குறை, பயிற்சி வேண்டும். உங்கள் டிராக்கில் மட்டும் விலகினால் குறை டிராக்கில்.

பெண்கள் பாட்டை 5 கட்டையிலும் ஆண்கள் பாட்டை 1 கட்டையிலும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) முன்பே பூட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஆள் முடிவாகும் வரை டிராக்கை முடிக்காதீர்கள். இசைக் கோப்பாளரிடம் ஒவ்வொரு தனிப்பாட்டையும் மூன்று சுருதியில் கேளுங்கள்: நினைத்த சுருதி, அதற்கு ஒரு கட்டை மேலே, ஒரு கட்டை கீழே. கீபோர்டில் இது ஒரு பொத்தான் வேலை. நாகஸ்வரம் சேர்க்கிறீர்கள் என்றால் மட்டும் எச்சரிக்கை. இன்றைய நீளமான பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் 2, 2½ கட்டையில் நிற்கும். அந்தப் பாட்டுக்கு ஆளைத் தேடும்போதே சுருதியைச் சொல்லிவிட வேண்டும்.

திரையில் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் முகம் ஒருவர், குரல் ஒருவர். 1961ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற அமெரிக்கப் பாட்டுப் படத்தில் போர்ட்டோ ரிக்கோப் பெண் மரியாவாக நடித்தவர் நடாலி வுட். பாட்டுக்குத் தன் குரலிலும் பதிவு செய்திருந்தார். படத்தில் ஒலித்தது மார்னி நிக்சனின் குரல், பெயர்ப் பட்டியலில் நிக்சன் இல்லை. மரியாவின் முகத்திலும் சரி, குரலிலும் சரி, போர்ட்டோ ரிக்கோ இல்லாமல் போயிற்று. நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: ஊர்ப் பாடகரை வரவழைத்து, அவர் பாடிய வளைவையும் சொல்லையும் மாதிரிப் பதிவாக எடுத்துக்கொண்டு, கடைசியில் பேர் பெற்ற பின்னணிப் பாடகரை வைத்து அதையே பாட வைப்பது. இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: மாதிரிப் பதிவுக்குத் தனிச் சம்பளம், இறுதிப் பதிவில் குரல் மாற்றப்பட்டால் முன்கூட்டியே தகவல், அவர் கொடுத்த மெட்டோ வரியோ இருந்தால் பெயரும் பங்கும். பின்னணிக் குரல் என்று முடிவானால், 1 போட்ட பாத்திரத்துக்குக் குரலும் 1தான். நடிப்பவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடவே இருந்து மூச்சு விடும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உதடு பொருந்தினாலும் கழுத்து பொருந்தாது.

பேச்சு வழக்கு

இரண்டாம் எண் பாத்திரங்களைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் இதுதான். எல்லா இலங்கைத் தமிழருக்கும் "ஓம்", "வாங்கோ", "கதைக்கிறன்" என்று போட்டுவிடுகிறார்கள். அது யாழ்ப்பாணப் பேச்சு. மட்டக்களப்பில் "என்ன கா", "மனே" என்று வரும். மலையகத் தமிழர் பேச்சு நம் பக்கத்துப் பேச்சுக்கு நெருங்கியது. வடசென்னை என்றதும் "கஸ்மாலம்", "நைனா" என்று எழுதுபவர் பழைய நகைச்சுவைக் காட்சியிலிருந்து எடுத்து எழுதுகிறார். இன்றைக்கு வியாசர்பாடியில் இருபது வயதுப் பெண் அப்படிப் பேசுவதில்லை.

பயிற்சிக்கு ஆறு வாரம் வேண்டும். அந்த வழக்கு வீட்டுப் பேச்சாக இருப்பவரைக் கொண்டு முழு வசனத்தையும் போனில் பதிவு செய்யுங்கள். எழுதியபடி வாசிக்க வேண்டாம், "நீங்க இதை எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்குங்கள்; சொல் மாறினால் பிரதியைத் திருத்துங்கள். நடிகர் தினமும் இருபது நிமிடம் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். நாலாம் வாரம், அந்த ஊர்க்காரர் ஒருவரோடு போனில் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். அவர் "நீங்க எந்தப் பக்கம்?" என்று சொந்தக்காரர் மாதிரி கேட்டால் தேறிவிட்டார். சிரித்தால் இன்னும் தேறவில்லை. பாட்டில் வழக்கு மாறாமல் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பேசும்போது சரியாக இருப்பவர்கூடப் பாடத் தொடங்கியதும் பள்ளிக்கூடத் தமிழுக்குத் தாவிவிடுவார்.

பறை

பறைக் கலைஞரைப் பாத்திரமாக எடுக்காமல் பின்னால் நிற்கும் வாத்தியமாக எடுப்பது பழைய பழக்கம். சாவு வீட்டுக் காட்சிக்கு மட்டும் கூப்பிடுவது அதைவிட மோசம். சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த குழுக்கள் பல உண்டு. முதல் பேச்சிலேயே காட்சியைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். கீபோர்டு கலைஞருக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள்.

தோல் பறையைச் சூடு காட்டினால்தான் ஓசை எழும், கொஞ்ச நேரத்தில் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். எழும்பூர் மியூசியம் தியேட்டரோ நுங்கம்பாக்கத்து அரங்கோ, எந்த மேடையிலும் உள்ளே நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். அரங்கை முன்பதிவு செய்யும்போதே வெளியே காய்ச்ச ஓர் இடம், மணல் வாளி, பார்த்துக்கொள்ள ஒருவர் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு செட் பறை இருந்தால் ஒன்று மேடையில், ஒன்று நெருப்பருகில். செயற்கைத் தோல் பறைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஓசையும் அது இல்லை. எது வேண்டும் என்பதை வாசிப்பவர் முடிவு செய்யட்டும்.

மேக்கப்பும் ஒளியும்

ஒப்பந்தத்தில் ஒரே வரி: யாருடைய தோல் நிறமும் கூட்டவோ குறைக்கவோ படாது. வெளுப்பாக்குவதற்கும் இது பொருந்தும். அதைத்தான் அதிகம் செய்கிறோம். பவுண்டேஷனைத் தாடையோரத்தில் தடவி, மேடை விளக்கில் பாருங்கள். தெரியாமல் கரைந்தால் அது சரியான ஷேட். மேக்கப் கலைஞர் பெட்டியில் இரண்டு மூன்று வெளிர் ஷேட் மட்டும் இருந்தால், ஆழ்ந்த நிறங்களை வாங்க முன்பணம் கொடுங்கள்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் கூடுதலாகக் கறுப்பு பூசினார்கள். எங்கள் ஊரில் எல்லா நிறத்திலும் ஆள் உண்டு என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. 2021ல் அதே கதை மறுபடி படமானபோது போர்ட்டோ ரிக்கோக் கூட்டத்துக்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையே எடுத்தார்கள். அதே ஆண்டு வந்த 'இன் தி ஹைட்ஸ்' இன்னொரு பாடம்: ஏறக்குறைய எல்லாரும் அந்தச் சமூகத்தவர்தான், ஆனாலும் முக்கிய வேடங்களில் கறுத்தவர்கள் குறைவு என்று விமர்சனம் எழுந்து, இசையும் பாட்டும் எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். சுவரில் புகைப்படம் ஒட்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வெயிலில் உழைப்பவரைக் காட்ட வேண்டும் என்றால் உடல் முழுக்கப் பழுப்பு பூசாதீர்கள். உழைப்பு அப்படி ஒட்டாது. நகக்கண், முழங்கை, சட்டைக் காலர், குதிகால், உள்ளங்கைக் காப்பு ஆகிய இடங்களில் வேலை செய்யுங்கள்.

கறுத்த முகம் மேடையில் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் குற்றம் விளக்கில். 5600 கெல்வின் குளிர்ந்த எல்இடியை நேராக அடித்தால் அப்படித்தான் இருக்கும். 3200 கெல்வின் சூடான ஒளியோ வெளிர் அம்பர் ஃபில்டரோ போட்டு, தலை உயரத்தில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு விளக்கு கொடுங்கள். பின்திரை கறுப்பாக இருந்தால் பின்னாலிருந்தும் ஓர் ஒளி வேண்டும். கேமராவில் கறுத்தவரும் வெளுத்தவரும் ஒரே பிரேமில் நிற்கும்போது எக்ஸ்போஷரைக் கறுத்தவர் முகத்துக்கு வையுங்கள். வெளுத்தவர் மேல் விழும் ஒளியை வலை போட்டு அரை ஸ்டாப் குறையுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால்

தேடியும் 1 போட்ட பாத்திரத்துக்கு ஆள் அமையவில்லை என்றால் மூன்று வழி. தேதியைத் தள்ளிப் போடலாம். சொந்தப் பிரதி என்றால் பாத்திரத்தையே மாற்றி எழுதலாம். ஊரை மாற்றுவது, தொழிலை மாற்றுவது, அந்தப் பாட்டை வேறொருவர் பார்வையில் திருப்புவது. மூன்றாவது நம் கூத்திலேயே இருக்கிறது: கதையை அறிமுகம் செய்து நடத்திச் செல்லும் கட்டியங்காரன். அவர் அந்த ஆளாக நடிக்காமல், அந்த ஆளைப் பற்றிச் சொல்லலாம், பாடலாம். "நான் அவள் இல்லை, அவள் சொன்னதைச் சொல்கிறேன்" என்று முதல் வரியிலேயே வைத்துவிட்டால் பார்வையாளருக்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை. இதிலும் சொல்லின் உரிமை அந்தச் சமூகத்து ஆலோசகரிடம் இருக்க வேண்டும். அவருக்கு முதல் வாசிப்பு நாளிலிருந்து, ஒரு முதன்மை நடிகருக்குக் கொடுக்கும் சம்பளம். கடைசி ஒத்திகைக்கு அழைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்பது ஆலோசனை இல்லை.

மாற்று நடிகர்

இவ்வளவும் செய்த குழுக்கள் சறுக்குவது காட்சி நாளன்று. செல்வியாக நடிப்பவருக்குக் காய்ச்சல், மாலை ஏழு மணிக்கு அரங்கு நிறைந்துவிடும், வசனம் முழுக்கத் தெரிந்தவர் குழுவில் ஒரே ஒருவர். அப்போதுதான் பழுப்பு பவுண்டேஷன் மறுபடி வெளியே வரும். ஆகவே 1 போட்ட ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்று நடிகரும் அதே நிபந்தனையில், அதே தேர்வில் எடுக்கப்பட வேண்டும். அவர் சுருதியில் டிராக் தயாராக இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை முழு ஒத்திகை அவருக்குக் கிடைக்க வேண்டும், ஒத்திகைச் சம்பளமும் உண்டு. இரண்டாம் ஆள் அமையாத பாத்திரம் என்றால், அந்த நாள் காட்சியை ஒத்திவைப்பதா, கட்டியங்காரன் கையில் கொடுப்பதா என்பதை முதல் வாசிப்பு நாளிலேயே எழுதி, இயக்குநரும் தயாரிப்பாளரும் மேக்கப் கலைஞரும் கையெழுத்திட்டு, உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டிவையுங்கள்.